அந்தப் படிவத்தில் ‘ஆம்’ என்று இருந்தது

அந்த அம்மாவுக்கு அப்போது 64 வயது. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் மூவறை வீடு. கூடத்தில் கிடந்த சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி இடம் உண்டாக்கிக்கொண்டு, வாரம் இரண்டு நாள் காலையில் அவருக்கு உடற்பயிற்சி கொடுத்துவந்தேன். அன்று நான்காவது வகுப்பு. ஒரு சின்னப் பலகைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த என் கைக்கடிகாரம் இதயத் துடிப்பை 92 என்று காட்டியது. என் குறிப்பேட்டில் 109 என்று எழுதியிருந்தது. 220-இலிருந்து வயதைக் கழித்து, மீதியில் எழுபது விழுக்காடு. எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அதுதான். எட்டவேண்டிய எண்ணை இன்னும் எட்டவில்லை என்று நினைத்து, “இன்னும் கொஞ்சம் வேகமாக, அம்மா” என்றேன்.

வேகமாக ஏறினார். பேத்தியின் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. உதடு வெளுத்திருந்தது. கடிகாரம் 95. “இன்னும் கொஞ்சம்” என்றேன். அவர் பலகையிலிருந்து இறங்கி, சோபாவின் கையைப் பிடித்து, மெல்ல உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நல்லவேளையாக அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து, எனக்குத் தேநீர் போட்டுத் தரப் போனார். நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். “அம்மா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று அப்போதுதான் கேட்டேன். காலையில் இதயத்துக்கு ஒரு மாத்திரை என்று சொல்லி, பலதுறை மருந்தகத்தில் கொடுத்த பையை எடுத்துவந்து காட்டினார். பைசோபிரோலால். பீட்டா பிளாக்கர் வகை மருந்து. இதயம் தறிகெட்டு ஓடாமல் கடிவாளம் போட்டுப் பிடித்துவைப்பதே அதன் வேலை. கடிவாளம் போட்ட இதயத்தை 109-க்கு விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவருடைய உடல் தன் எல்லையை எப்போதோ தொட்டுவிட்டது, கடிகாரத்தில் அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். முதல் நாள் அவரிடம் நிரப்பி வாங்கிய உடல்நிலைக் கேள்வித்தாள் இருந்தது. பார்-கியூ என்பார்கள். உடற்பயிற்சி தொடங்கும் யாரிடமும் கேட்கவேண்டிய ஏழு கேள்விகள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருத்துவர் கொடுத்த மருந்து சாப்பிடுகிறீர்களா என்பது அவற்றில் ஒன்று. அந்த அம்மா ‘ஆம்’ என்ற கட்டத்தில் தெளிவாகக் குறியிட்டிருந்தார். கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். நான் அதை வாங்கி, துளையிட்டு, கோப்பில் சேர்த்திருந்தேன்.

அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், பொன்னிற முத்திரையோடு என் பெர்சனல் டிரெய்னர் சான்றிதழ் இருந்தது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. தேசிய சேவையைப் போன மாதம் முடித்துவிட்டு வந்த என் அண்ணன் மகன், ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். “அத்தை, இதில் சேரட்டுமா? நீங்கள் ‘சரி’ என்றால் இன்றைக்கே பணம் கட்டிவிடுவேன்” என்றான். விளம்பரம். இரண்டே நாள் பயிற்சி, உலக அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், தேர்ச்சி உறுதி, இன்று பதிந்தால் இருநூறு வெள்ளி தள்ளுபடி. திறன் வளர்க்க அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. நான் ஏழு ஆண்டுகளுக்கு முன் பார்த்த விளம்பரத்துக்கும் இதற்கும் வண்ணம் மட்டும்தான் வேறு.

அன்று அவனிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். அவனைப் போல இன்னும் பலர் கேட்கிறார்கள். வேலை இழந்த நாற்பது வயதுக்காரர்கள், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்ட தாய்மார்கள், உடற்பயிற்சிக்கூடமே கதி என்று கிடக்கும் இளையர்கள். நல்ல வேலைதான் இது. நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம். தன்னுடைய மொழியில் பேசுகிற, தன் சாப்பாட்டைப் புரிந்துகொள்கிற ஒரு பயிற்றுநர் கிடைக்கமாட்டாரா என்று தேடுகிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே, வராதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எந்தக் கதவு வழியாக வருகிறோம் என்பதைப் பார்த்து வரச் சொல்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: சிங்கப்பூரில் ஒருவர் தன்னைப் பெர்சனல் டிரெய்னர் என்று அழைத்துக்கொள்ள உரிமம் எதையும் சட்டம் கேட்பதில்லை. மின்சார வேலை செய்ய உரிமம் வேண்டும், டாக்சி ஓட்ட உரிமம் வேண்டும். இன்னொருவரின் முதுகெலும்பின்மேல் நாற்பது கிலோ எடையை ஏற்றிவைக்க எந்த உரிமமும் தேவையில்லை. கடைவீதியில் யார் வேண்டுமானாலும் பயிற்சி நிறுவனம் திறந்து, தாங்களே பாடம் நடத்தி, தாங்களே தேர்வு வைத்து, தாங்களே சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கிற நிலைமை அதனால்தான். நான் முதலில் படித்த இடம் அப்படிப்பட்டது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கொடுக்கும் தாளும் சான்றிதழ்தான். தேர்வில் தேறித் தகுதி பெற்றதற்குக் கொடுப்பதும் சான்றிதழ்தான். ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. முதலாவது, நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று சொல்கிறது. இரண்டாவது, உங்களுக்குத் தெரிகிறது என்று சொல்கிறது. முன்னதைப் பங்கேற்புச் சான்றிதழ் என்றும் பின்னதைத் தகுதிச் சான்றிதழ் என்றும் நான் பிரித்துச் சொல்வது வழக்கம். என் பொன்னிற முத்திரை பங்கேற்புச் சான்றிதழ். அதைத் தகுதிச் சான்றிதழ் என்று நம்பித்தான் அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“எந்த நிறுவனம் நல்லது?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். “தேர்வை வைப்பது யார்?” என்று முதலில் கேளுங்கள் என்பேன். உலகம் முழுக்க உடற்பயிற்சிக்கூடங்கள் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ்களில் பல அமெரிக்க அமைப்புகளிடமிருந்து வருகின்றன. 1954-இல் தொடங்கிய ஏசிஎஸ்எம், 1978-இல் தொடங்கிய என்எஸ்சிஏ, 1985-இல் வந்த ஏஸ், 1987-இல் வந்த என்ஏஎஸ்எம். இந்த நான்கின் பெர்சனல் டிரெய்னர் தேர்வுகளுக்கும் என்சிசிஏ என்ற ஆணையத்தின் அங்கீகாரம் உண்டு. தேர்வு எப்படி உருவாக்கப்படுகிறது, தேர்ச்சி மதிப்பெண் எந்த அடிப்படையில் வைக்கப்படுகிறது, பாடம் நடத்துபவருக்கும் தேர்வு வைப்பவருக்கும் இடையே போதுமான சுவர் இருக்கிறதா என்பதையெல்லாம் பரிசோதிப்பது அந்த ஆணையம். எந்தெந்தத் தேர்வுகளுக்கு அங்கீகாரம் உண்டு என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் அன்று அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கீகாரம் தேர்வுக்கா, நிறுவனத்துக்கா? ஒரு பள்ளி நடத்த அனுமதி பெற்றிருப்பது ஒன்று, அந்தப் பள்ளி கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் வெளியாரால் சோதிக்கப்பட்டிருப்பது வேறொன்று. விளம்பரங்கள் இரண்டையும் குழப்பி ‘அங்கீகாரம் பெற்றது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். “யார் அங்கீகரித்தார்கள்? எதை அங்கீகரித்தார்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான இடமாக இருந்தால் அன்றே பதில் வரும்.

சிங்கப்பூரில் இந்த அமைப்புகளின் தேர்வுக்குத் தயார்செய்யும் உள்ளூர் நிறுவனங்கள் இருக்கின்றன. வகுப்பு அவர்களுடையது, தேர்வு அமைப்பினுடையது. நீங்கள் தோற்றால் அமெரிக்காவில் இருக்கும் அந்த அமைப்புக்கு வருத்தமில்லை. நீங்கள் தேறினாலும் தனி மகிழ்ச்சியில்லை. அந்த விலகல்தான் சான்றிதழுக்கு மதிப்புத் தருகிறது.

நான் இரண்டாவது முறை படிக்க இடம் தேடிய நாள்களில், ஒரு நிறுவனத்தின் விற்பனையாளரிடம், “உங்கள் தேர்வில் தோற்றவர்கள் உண்டா?” என்று கேட்டேன். “எங்களிடம் இதுவரை ஒருவர்கூடத் தோற்றதில்லை, மேடம்” என்றார் பெருமையாக. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுத்து அழைத்த இடத்தில், “தோற்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதென்றால் நான்கைந்து மாதமாவது தேவைப்படும். இரண்டு மாதத்தில் எழுத நினைத்தால் வேண்டாம் என்று நாங்களே சொல்வோம்” என்றார்கள். அங்கே சேர்ந்தேன்.

ஏஸ் தேர்வு எழுதினேன். மூன்று மணி நேரம், 150 கேள்விகள். மதிப்பெண் அளவுகோல் 800 வரை போகும், 500 வாங்கினால் தேர்ச்சி. பதினைந்து ஆண்டு கணக்குப்பிரிவில் வேலை பார்த்தவள் நான். உயிரியல் படித்து இருபது ஆண்டுக்குமேல் ஆகியிருந்தது. சமையலறை அலமாரிக் கதவுகளில் தசைகளின் பெயர்களை எழுதி ஒட்டினேன். மஞ்சள்தூள் எடுக்கத் திறந்தால் தோள்பட்டை, அரிசி எடுக்கக் குனிந்தால் பின்தொடை. எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, முழங்கை மடங்கும்போது எது சுருங்குகிறது, எது நீள்கிறது என்று ஐந்து மாதம். மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது என்று மாதிரித் தேர்வுகளிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளரை விவரித்து, அவர் இப்படிச் சொல்கிறார், நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நான்கு விடைகளும் சரிபோலவே இருக்கும். அதில் முதலில் செய்யவேண்டியது எது என்று பிரித்தறிய வேண்டும்.

அந்த மாதிரிக் கேள்விகளில் ஒன்றில் பீட்டா பிளாக்கர் வந்தது. இதயத் துடிப்பை நம்பாதீர்கள், அவர் எவ்வளவு சிரமமாக உணர்கிறார் என்று கேளுங்கள் என்பது விடை. 6 முதல் 20 வரை எண் சொல்லச் சொல்லும் போர்க் அளவுகோல், பேச முடிகிறதா என்று பார்க்கும் பேச்சுச் சோதனை, எல்லாமே அந்தப் பாடத்தில் இருந்தன. இரவு பதினொரு மணிக்கு அதைப் படித்துவிட்டு, அந்த அம்மா சோபாவில் கண்மூடி உட்கார்ந்திருந்ததை நினைத்து அழுதேன். அவர் பேச்சை நிறுத்திய கணத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு நின்றதுதான் அளவுகோல். கடிகாரம் அன்று வேண்டியதே இல்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நல்ல அங்கீகாரம் பெற்ற இந்தத் தேர்வுகளும் கணினி முன்னால் உட்கார்ந்து விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளே. ஓர் உடலைக்கூடத் தொடாமல், ஒருவரைக்கூட உட்கார்ந்தெழ வைக்காமல் அவற்றில் தேறிவிட முடியும். புத்தகத்தை மட்டும் வாங்கி வீட்டிலேயே படித்துத் தேறியவர்களை எனக்குத் தெரியும். அறிவு இருக்கும், கை பழகியிருக்காது. ஆகவே இரண்டும் வேண்டும் என்று சொல்வேன்: உங்களை அறியாதவர் வைக்கும் தேர்வும், உங்களை அருகில் நின்று பார்ப்பவர் கொடுக்கும் பயிற்சியும். ஒன்று இருந்து மற்றது இல்லாத படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

என் செய்முறை வகுப்பில் நடந்த ஒன்று இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. இடுப்பை மடித்துக் குனிவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் பாடம். ஒரு நீளக் குச்சியை முதுகோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தலையின் பின்புறம், தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகெலும்பின் அடிப்பகுதி, இந்த மூன்று இடத்திலும் குச்சி தொட்டபடி இருக்கவேண்டும். குனியும்போது ஓரிடத்தில் விலகினாலும் முதுகு வளைகிறது என்று பொருள். என்னுடன் படித்த ஒரு மலாய்க்காரர், பெரிய உடம்பு, எனக்கு வாடிக்கையாளராக நின்றார். “இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், முழங்காலை லேசாக மடியுங்கள், மார்பை உயர்த்துங்கள், வயிற்றை இறுக்குங்கள்” என்று அடுக்கினேன். அவர் குழம்பிப்போய் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். மறுபடி சொன்னேன். மறுபடி உட்கார்ந்தார்.

பயிற்றுநர் அம்மையார் பக்கத்தில் வந்து நின்றார். “நான்கு கட்டளை கொடுத்தாய். அவருக்கு ஒரு காது அளவுக்குத்தான் கேட்கும். ஒன்றே ஒன்று சொல்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இரண்டு கையிலும் சந்தைப் பை இருக்கிறது. பின்னால் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. இடுப்பால் தள்ளி மூடுங்கள்” என்றேன். அவர் முதல் முறையிலேயே சரியாகக் குனிந்தார். குச்சி மூன்று இடத்திலும் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கும் தேக்காவிலிருந்து காய்கறி வாங்கிவரும் எந்த அம்மாவுக்கும் நான் அதே கதவைத்தான் சொல்கிறேன். இதை எந்தக் காணொளியும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது. நான் தவறு செய்யும்போது ஒருவர் என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் படிப்பு எத்தனை மணி நேரம் என்று கேட்பதைவிட, அதில் எத்தனை மணி நேரம் தரையில் நின்று செய்வது, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், என் செய்முறையை யார் மதிப்பிடுவார், அவர் இப்போதும் வாடிக்கையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாரா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள்.

பயிற்றுநரிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: “நம் ஊரில் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) எத்தனைக்குமேல் போனால் கவலைப்பட வேண்டும்?” அமெரிக்கப் பாடப்புத்தகம் 25-ஐ அதிக எடை என்றும் 30-ஐ உடற்பருமன் என்றும் பிரிக்கும். ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன. அதனால் சிங்கப்பூரில் 23-லிருந்தே மிதமான ஆபத்து, 27.5-லிருந்து அதிக ஆபத்து என்று சுகாதார அமைச்சு 2005-லேயே மாற்றிவிட்டது. இடுப்புச் சுற்றளவும் அப்படித்தான்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தேர்வுக்கு ஓர் எண், நம் வீட்டு ஆளுக்கு வேறோர் எண் என்று சொல்லித்தரத் தெரிந்தவர் வெறும் புத்தகத்தை வாசித்துக் காட்டுபவர் அல்லர். 24 என்ற குறியீட்டோடு வந்து நிற்கும் நம் பெரியப்பாவிடம் “நீங்கள் சரியாகத்தான் இருக்கிறீர்கள்” என்று சொல்லாமலிருக்க அது உதவும்.

சர்க்கரை நோயைப் பற்றி எத்தனை வகுப்பு என்பதையும் பாருங்கள். இன்சுலின் போடுகிறவரும், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவரும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். வெள்ளிக்கிழமை விரதம் இருந்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற அம்மாக்கள் எனக்கு இருக்கிறார்கள். பையில் எப்போதும் ஒரு சின்னப் பெட்டி பழச்சாறு வைத்திருப்பேன். பாத உணர்ச்சி குறைந்தவர் காலணியில் கல் கிடந்தாலும் அறியமாட்டார். இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கக் கூடாது. இவற்றைத் தொடாத படிப்பு, இருபது வயதில் உடம்பை முறுக்கேற்ற வருகிறவர்களுக்கு வேண்டுமானால் போதும். அவர்களுக்கும் போதாது என்பது என் கருத்து. முதல் வகுப்பிலேயே சக்கை பிழிந்து அனுப்பினால் தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போய், சிறுநீரகம் பழுதாகும் அளவுக்கு வந்து நிற்பது இளையர்களுக்கும் நடக்கிறது. பழக்கமில்லாமல் முதன்முறை சைக்கிள் வகுப்புக்குப் போனவர்களுக்கு நேர்ந்ததை மருத்துவ இதழ்களே பதிவுசெய்திருக்கின்றன.

சத்துமாவு டப்பா விற்கும் படிப்பு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என் முதல் வகுப்பின் இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் அதற்குத்தான் போனது. உணவுப் பட்டியல் போட்டு நோயைக் குணப்படுத்துவது பயிற்றுநரின் வேலை அன்று. அதற்கு உணவியல் நிபுணர் இருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று கற்றுத்தருகிறார்களா என்பதை வைத்தே ஒரு படிப்பை எடைபோட்டுவிடலாம்.

முதலுதவிக்கு வருகிறேன். நின்றுபோன இதயத்துக்காக மார்பை அழுத்தும் சிபிஆர், மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி, இவற்றுக்கான பயிற்சியைக் காணொளியில் பார்த்து முடித்துவிடலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், நான்கிலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம். சொல்வதற்கு எளிது. பொம்மையின் மார்பில் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள், தோள் கழன்றுவிடும்போல் இருக்கும். செஞ்சிலுவைச் சங்கம், சிங்கப்பூர் இதய அறநிறுவனம் போன்றவை நேரடி வகுப்புகள் நடத்துகின்றன. அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடுக்குமாடிப் புளோக்குக்கு முதல்முறை போகும்போது மின்தூக்கிக் கூடத்தில் ஏஇடி பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வேன். அந்த அம்மாவின் புளோக்கில் பார்க்கத் தோன்றியது, அவர் சோபாவில் சாய்ந்த பிறகு.

பணத்தைப் பற்றி அண்ணன் மகனிடம் சொன்னதைச் சொல்கிறேன். அவனுக்கு வயது 22. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 25 வயதில்தான் 500 வெள்ளியாகக் கிடைக்கும். விளம்பரத்தில் இருந்த வரி அவனுக்குப் பொருந்தவே இல்லை, அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. நாற்பது வயதும் அதற்குமேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி இருக்கிறது, ஆனால் அதைக் குறிப்பிட்ட சில படிப்புகளுக்கு மட்டுமே செலவிட முடியும். பட்டியலில் இருப்பதாலேயே தேர்வின் தரம் உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பயிற்சி மானியத்திலிருந்தே 2017-இல் ஒரு கும்பல் போலி ஆவணங்களைக் காட்டி ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியைச் சுருட்டியது. அதன்பிறகு கட்டுப்பாடுகள் இறுகியிருக்கின்றன. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் முன்பு படித்தவர்கள் கொடுத்த மதிப்பீட்டையும் பார்க்கலாம். இருந்தாலும், அரசாங்கம் கட்டணத்தில் உதவுகிறது என்பதும், சான்றிதழை யார் மதிக்கிறார்கள் என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

கட்டணம் என்று போட்டிருக்கும் எண்ணில் தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு, புத்தகம் தனியா என்று கேட்டுவிடுங்கள். தகுதியைத் தக்கவைக்கவும் செலவு உண்டு. ஏஸ் சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 20 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும். ஏசிஎஸ்எம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 45 மணி நேரம் கேட்கிறது. ‘வாழ்நாள் முழுதும் செல்லும்’ என்று ஒரு சான்றிதழ் சொன்னால் அதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன். உடலைப் பற்றிய அறிவு மாறிக்கொண்டே இருக்கிறது.

நேரமும் வயதும் இருப்பவர்களுக்குப் பெரிய கதவுகளும் இருக்கின்றன. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல் பட்டயம் படிக்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. ஸ்போர்ட் சிங்கப்பூர் உடற்பயிற்சி நிபுணர்களுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. அதில் சேர ஏற்றுக்கொள்ளப்பட்ட தகுதியும் முதலுதவிப் பயிற்சியும் கேட்பார்கள். படிப்பில் சேருமுன், இதை முடித்தால் அந்தப் பதிவேட்டில் இடம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அந்த அம்மா என்னை அனுப்பிவிடவில்லை. தேர்வு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், அன்று என்ன தவறு செய்தேன் என்பதை முழுவதும் சொன்னேன். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கலாமா என்று கேட்டேன். “நீ படித்துவிட்டு வருவாய் என்று எனக்குத் தெரியும்” என்றார். இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பேத்திகளின் கதையைச் சொல்லிக்கொண்டே பலகையில் ஏறி இறங்குவார். வாக்கியம் துண்டுதுண்டாக உடையத் தொடங்கினால் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

அண்ணன் மகன் அந்த இரண்டு நாள் விளம்பரத்துக்குப் பணம் கட்டவில்லை. மூன்று இடங்களுக்கு எழுதிக் கேட்டான். ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை, தினமும் தள்ளுபடிச் செய்தி மட்டும் வருகிறது. இன்னோரிடம் தேர்வை வைப்பது நாங்களே என்று ஒப்புக்கொண்டது. மூன்றாவது இடத்தில், சனிக்கிழமை வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றார்கள். போனவன் இடைவேளையில் அழைத்தான்.

“அத்தை, ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் ஒருவரும் எடையைத் தொடக்கூட இல்லை. ஏதோ ஏழு கேள்வி இருக்கிற படிவத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ‘ஆம்’ வந்தால் என்ன செய்வது என்று மாற்றி மாற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கிளம்பட்டுமா?”

“உட்கார்” என்றேன். “கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு வா.”